8 ஜிபியில் ஒண்டுக்குடித்தனம்

டர்போ சி ஓட்டிய காலத்தில், மெமரி எங்கே போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் வேலை செய்யவே முடியாது. டாஸ் கொடுத்தது 640 கேபி. டாஸ், மவுஸ் டிரைவர், டிஸ்க் கேஷ், நெட்வொர்க் டிரைவர், இவை எல்லாம் உட்கார்ந்த பிறகு மிஞ்சிய இடத்தில்தான் எடிட்டரும் கம்பைலரும். எங்கள் பில்லிங் புரோகிராமின் சோர்ஸ் ஃபைல் ஏதாவது பெரிதாகிவிட்டால், பாதி கம்பைலில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று நின்றுவிடும். டாஸ் பிராம்ப்டுக்கு வந்து 'மெம் ஸ்லாஷ் சி' அடிப்போம். எந்த டிரைவர் எத்தனை கேபி என்று வரிசையாக வந்து விழும். கான்ஃபிக் டாட் சிஸ் ஃபைலைத் திறந்து, டாஸை ஹை மெமரிக்குத் தள்ளி, மவுஸ் டிரைவரை 640 கேபிக்கு மேலே ஏற்றி, மறுபடி பூட் செய்தால் கணிசமான இடம் தேறும். கம்பைல் ஓடிவிடும்.

மெஷினில் 4 எம்பி ரேம் இருந்தும் 640 கேபிக்குள் ஏன் இந்தப் பாடு என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் அந்தக் காலத்துக்காக ஏங்கவில்லை. ஆனால் அப்போது இருந்த ஒரு பழக்கம் பிறகு விட்டுப்போனதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. மெமரி போதவில்லை என்றால் முதலில் கணக்குப் பார்ப்போம். யார், எவ்வளவு, எதற்காக. இன்று 16 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவரிடம் இந்த மூன்று கேள்வியைக் கேட்டால், 'குரோம்தான் சார் சாப்பிடுது' என்பதைத் தாண்டிப் பதில் வருவது அபூர்வம்.

விண்டோஸ் வந்ததும் விர்ச்சுவல் மெமரி கைக்கு வந்தது. ரேமில் இடம் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஓரத்தை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், நிரல் நிற்காது. 1998-இல் விஷுவல் சி++ 6 வந்தபோது எங்களிடம் இருந்தவை 64 எம்பி மெஷின்கள். விஷுவல் சி++, கூடவே உதவிக் குறிப்புகளுக்கு எம்எஸ்டிஎன், டேட்டாபேஸ் கிளையண்ட் என்று மூன்றும் திறந்திருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் ஜன்னலின் ஓரம் மட்டும் வரும், உள்ளே வெள்ளையாக நிற்கும். அந்த நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்க வேண்டும். ஃபைல் காப்பி ஆகும்போது சீரான இரைச்சல் வரும். இதுவோ கரகரவென்று அறுந்து அறுந்து கேட்கும். தலை அங்கும் இங்கும் பாய்ந்து, ஒரு புரோகிராமின் பேஜ்களை, அதாவது மெமரித் துண்டுகளை, வெளியே எழுதி, இன்னொன்றின் பேஜ்களை உள்ளே இழுக்கும் சத்தம். காதை வைத்தே சொல்லிவிடுவோம், மெஷின் வேலை செய்கிறதா, வெறுமனே இடம் மாற்றிக்கொண்டிருக்கிறதா என்று.

இதை 1968-லேயே பீட்டர் டென்னிங் எழுதிவிட்டார். ஒரு நிரல் தன்னிடம் உள்ள மொத்த மெமரியையும் எப்போதும் தொடுவதில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் அது தொடும் பேஜ்களின் தொகுப்பை 'வொர்க்கிங் செட்' என்றார். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் வொர்க்கிங் செட்டுகளைக் கூட்டினால் ரேமுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மெஷின் படிப்படியாக மெதுவாவதில்லை, ஒரேயடியாகச் சரிந்துவிடுகிறது. அதைத்தான் த்ராஷிங் என்கிறோம். கல்லூரிப் பாடத்தில் இதைப் படித்துத் தேர்வெழுதிய ஆயிரம் பேரில் பத்துப் பேராவது தங்கள் மேஜையில் நடப்பது அதுதான் என்று பொருத்திப் பார்த்திருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

ஜாவாவும், அதில் நிரல் எழுத உதவும் எக்லிப்ஸும் வந்த பிறகுதான் உண்மையான குழப்பம் ஆரம்பித்தது. ஏனென்றால் இப்போது மெமரியைப் பங்கிடுவது இரண்டு பேர். கீழே ஆப்பரேட்டிங் சிஸ்டம். மேலே ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம், தனக்கென்று ஒரு ஹீப்பை எடுத்து வைத்துக்கொண்டு அதற்குள் தானே ஒதுக்கி, தானே குப்பை அள்ளும். ஒருவருக்கு மற்றவர் என்ன செய்கிறார் என்பது தெரியாது.

எக்லிப்ஸின் ஐஎன்ஐ ஃபைலில் ஹீப்பின் உச்சவரம்பு, எக்ஸ்எம்எக்ஸ், வெறும் 256 எம்பியாக வந்த காலம் அது. பெரிய புராஜெக்ட்டைத் திறந்தால் 'ஜாவா ஹீப் ஸ்பேஸ்' பிழை. அதை உயர்த்தினால் 'பெர்ம்ஜென் ஸ்பேஸ்' பிழை. கிளாஸ்களின் விவரம் தங்கும் அந்தப் பகுதிக்கு வேறு வரம்பு. 2014-இல் ஜாவா 8 வந்து பெர்ம்ஜென்னைத் தூக்கிவிட்டு மெட்டாஸ்பேஸ் கொண்டுவரும் வரை இந்த இரட்டைக் கணக்கு ஓயவில்லை. சரி, எக்ஸ்எம்எக்ஸை 1600 எம்பி வைத்துவிடலாம் என்று போட்டால் எக்லிப்ஸ் திறக்கவே திறக்காது. ஜாவா விர்ச்சுவல் மெஷினை உருவாக்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வரும். 32 பிட் விண்டோஸில் ஒரு நிரலுக்குக் கிடைப்பது 2 ஜிபி முகவரி. ஹீப்புக்கு அதில் துண்டு விழாத ஒரே நீள இடம் வேண்டும். நடுவில் ஏதாவது டிஎல்எல் வந்து உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான். ஆன்டிவைரஸ் தன் டிஎல்எல்லை எல்லா நிரலுக்குள்ளும் நுழைக்கும். அதனால்தான் ஒரே ஐஎன்ஐ ஃபைல் ஒருவர் மேஜையில் ஓடும், பக்கத்து மேஜையில் ஓடாது. இதற்குக் காரணம் புரியாமல் மெஷினையே மாற்றிக்கொண்ட குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஆண்டுகளில் ரேம் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவோம். கடைக்காரர் முதலில் கேட்பது போர்டு என்ன போர்டு என்பதுதான். 'தம்பி, டிடிஆர் 2-ஆ 3-ஆன்னு பாத்துட்டு வா, காடி வேற இடத்துல இருக்கும், மாத்தி வாங்கிட்டுப் போனா ஏறாது' என்பார். இரண்டிரண்டு ஜிபியாக 4 ஜிபி போட்டுத் திரும்பினால், 32 பிட் எக்ஸ்பி அதில் சுமார் 3.25 ஜிபிதான் காட்டும். மிச்ச முகவரியைக் கிராபிக்ஸ் கார்டும் மற்ற சாதனங்களும் பிடித்துக்கொண்டிருக்கும். காசு கொடுத்த ரேம் உள்ளே இருந்தும் கைக்கு வராத அந்த ஏமாற்றம்தான் பல அலுவலகங்களை 64 பிட்டுக்குத் தள்ளியது. இங்கே விஷுவல் ஸ்டுடியோவைச் சொல்ல வேண்டும். அதன் முதல் 64 பிட் பதிப்பு 2022 பெயரில், 2021 நவம்பரில்தான் வந்தது. அதுவரை 64 ஜிபி ரேம் போட்ட மெஷினிலும் அதன் முதன்மைப் பிராசஸ் 4 ஜிபி முகவரிக்குள்தான் வாழ்ந்தது.

எக்லிப்ஸ் காலத்தில் எனக்கு மிக முக்கியமான பாடம் கிடைத்தது ஒரு காப்பீட்டு மென்பொருள் குழுவில். எல்லோரிடமும் 2 ஜிபி மெஷின். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எக்லிப்ஸ் உறைந்துவிடும். அரை நிமிடம், சில நேரம் ஒரு நிமிடம். பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடும். குழுவில் எல்லோரும் எக்ஸ்எம்எக்ஸை 1 ஜிபிக்கு உயர்த்தி வைத்திருந்தார்கள். இன்னும் உயர்த்தலாமா என்று என்னிடம் கேட்கத்தான் கூப்பிட்டார்கள்.

ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, எக்லிப்ஸின் பிரிஃபரன்ஸில் 'ஷோ ஹீப் ஸ்டேட்டஸ்' என்பதைப் போட்டேன். கீழே ஒரு சின்னப் பட்டை வரும், எவ்வளவு ஹீப் பயன்பாட்டில் உள்ளது என்று காட்டும். பக்கத்தில் விண்டோஸின் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரைத் திறந்து, டிஸ்க்கிலிருந்து பேஜ்கள் திரும்பி வரும் எண்ணிக்கையை வைத்தேன். பட்டை மெல்ல ஏறி 900 எம்பியைத் தொட்டது. உடனே உறைந்தது. அதே நொடியில் பேஜ் வரைபடம் செங்குத்தாக எழுந்தது. டிஸ்க் அறுக்க ஆரம்பித்தது. பட்டை 380-க்கு இறங்கியதும் எல்லாம் தெளிந்தது.

நடந்தது இதுதான். எக்லிப்ஸ், டாம்கேட், டேட்டாபேஸ், பிரவுசர், ஆன்டிவைரஸ் எல்லாம் சேர்ந்து 2 ஜிபியைத் தாண்டிவிட்டன. சில நிமிடங்களாகத் தொடாத ஹீப் பேஜ்களை விண்டோஸ் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டது. அதன் கணக்குப்படி அது சரி. ஆனால் முழு கார்பேஜ் கலெக்‌ஷன் தொடங்கியதும், எது உயிரோடு இருக்கிறது என்று பார்க்க ஜேவிஎம் ஹீப்பில் உயிருள்ள ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டையும் போய்த் தொட்டாக வேண்டும். டிஸ்க்கில் தூங்கியதெல்லாம் திரும்பி வர வேண்டும். அது வர இடம் வேண்டுமென்றால் டாம்கேட்டை வெளியே தள்ள வேண்டும். அடுத்து டாம்கேட் எழுந்தால் இது வெளியே.

எக்ஸ்எம்எக்ஸை 640 எம்பியாகக் குறைக்கச் சொன்னேன். 'ஏற்கெனவே பத்தலை, இன்னும் குறைக்கச் சொல்றீங்களே சார்?' என்றார். பத்தாமல் போனது ஹீப்பில் இல்லை, மெஷினில். உயிருள்ள ஆப்ஜெக்ட்டுகள் 380 எம்பி. அதற்கு மேல் ஏறிய 500-ம் குப்பை. வரம்பு தாராளமாக இருந்ததால் ஜேவிஎம் குப்பையை அள்ளாமல் சேர்த்துக்கொண்டே போனது. குறைத்த பிறகு பட்டை 400-க்கும் 600-க்கும் இடையே வேகமாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு இறக்கத்திலும் தாமதம் கண்ணுக்கே தெரியவில்லை. உறைவது நின்றது. அதற்காக எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே போகவும் கூடாது. உயிருள்ள அளவுக்கு மிக அருகில் வரம்பை வைத்தால் ஜேவிஎம் இரவும் பகலும் குப்பை அள்ளுவதிலேயே கிடக்கும், கடைசியில் 'ஜிசி ஓவர்ஹெட் லிமிட்' என்று கைவிரிக்கும். அள்ளி முடித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்பதைப் பார், அதற்கு மேல் பாதியோ ஒரு மடங்கோ இடம் விடு. இன்றுவரை நான் ஹீப் அளவை இப்படித்தான் தீர்மானிக்கிறேன்.

எஸ்எஸ்டி வந்தது பெரிய வரம். ஆனால் அது அந்தக் கரகரச் சத்தத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. மெமரி திணறுவது இப்போது காதுக்குக் கேட்பதில்லை. 2013-இல் மேக்கிலும் 2015-இல் விண்டோஸ் 10-லும் மெமரியைச் சுருக்கி வைக்கும் வசதி வந்தது. டிஸ்க்குக்கு அனுப்பும் முன் ரேமுக்குள்ளேயே பேஜ்களை அமுக்கி வைக்கும். நல்ல வசதிதான். ஆனால் நெருக்கடி இப்போது சிபியு பயன்பாடாகவும், பேட்டரி இறங்குவதாகவும், எடிட்டரில் எழுத்து தாமதமாக வருவதாகவும் வேஷம் மாறி வருகிறது. அதனால்தான் பலர் தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

லினக்ஸ் சர்வர் பக்கம் வேறு ஒரு தொல்லை. 'ஃப்ரீ' கமாண்ட் அடித்தால் காலி மெமரி எப்போதும் கொஞ்சமாகவே தெரியும். படித்த ஃபைல்களையெல்லாம் லினக்ஸ் காலியிடத்தில் கேஷாக வைத்துக்கொள்வதால் அப்படி. யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். ஒரு வாடிக்கையாளரின் பில்ட் சர்வரில், காலி மெமரி குறைகிறது என்று பயந்து, மணிக்கு ஒருமுறை அந்தக் கேஷைக் கொட்டிவிடும்படி யாரோ கிரான் வேலை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மணிக்கும் முதல் பில்ட் ஹெடர் ஃபைல் ஒவ்வொன்றையும் டிஸ்க்கிலிருந்து புதிதாகப் படிக்கும். அந்த வரியை எடுத்ததும் பில்ட் நேரம் பழைய நிலைக்கு வந்தது. 2014-இல் வந்த 3.14 கெர்னல் 'மெம்அவைலபிள்' என்ற கணக்கைக் கொடுக்க ஆரம்பித்தது, 'ஃப்ரீ'யிலும் பிறகு 'அவைலபிள்' என்று ஒரு பத்தி சேர்ந்தது. பார்க்க வேண்டியது அந்தப் பத்தியைத்தான்.

அதே சர்வரில் இன்னொன்று. 32 கோர், 64 ஜிபி. மேக் கமாண்டுக்கு 32 இணை வேலைகள் கொடுத்திருந்தார்கள். சி++ கம்பைல் ஓடும்வரை பிரச்சினை இல்லை. கடைசியில் டீபக் விவரத்தோடு பல பைனரிகளை ஒரே நேரத்தில் லிங்க் செய்யும்போது, ஒவ்வொரு லிங்கரும் பல ஜிபி கேட்கும். கெர்னலுக்கு வேறு வழி இல்லாதபோது, நிரல்களைக் கொன்று மெமரியை மீட்கும் ஓஓஎம் கில்லர் எழும். அது குற்றவாளியைத் தேடுவதில்லை, பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருப்பவரைத்தான் வெட்டுகிறது. வெட்டுப்பட்டது அதே மெஷினில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த டெஸ்ட் டேட்டாபேஸ். டேட்டாபேஸ் குழு வாரக்கணக்கில் தங்கள் லாக்கில் காரணம் தேடியது. காரணம் கெர்னல் லாக்கில் ஒரே வரியில் இருந்தது. லிங்க் வேலைகளுக்கு மட்டும் தனி வரம்பு வைத்தோம், ஒரு நேரத்தில் நான்கு. கம்பைலுக்கு 32 அப்படியே. கோர் எண்ணிக்கையைப் பார்த்து இணை வேலைகளைத் தீர்மானிக்கிறார்கள், மெமரியைப் பார்த்தும் தீர்மானிக்க வேண்டும். சி++ என்றால் ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்வேன்.

கன்டெய்னர் வந்த புதிதில் இதே கதை வேறு உருவில். ஜேவிஎம்முக்கு எக்ஸ்எம்எக்ஸ் சொல்லாவிட்டால், மெஷின் மெமரியில் கால் பங்கை ஹீப் உச்சமாக எடுத்துக்கொள்ளும். பழைய ஜாவா 8-க்குக் கன்டெய்னரின் வரம்பு கண்ணில் படாது. 2 ஜிபி கன்டெய்னருக்குள் உட்கார்ந்துகொண்டு, வெளியே உள்ள 64 ஜிபியைப் பார்த்து 16 ஜிபி வரை போகலாம் என்று நினைக்கும். 137 என்ற எக்ஸிட் கோடோடு செத்துப்போகும். 2018-இல் ஜாவா 10-லும், பிறகு ஜாவா 8-இன் 191-ஆம் அப்டேட்டிலும் இது சரியானது.

எனக்கு மிகவும் மனம் கனத்தது ஆண்ட்ராய்டு குழு ஒன்றில். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். வேலை மெதுவாக முடிகிறது என்று மதிப்பீட்டில் எழுதியிருந்தார்கள். அவர் கையில் இருந்தது 8 ஜிபி லேப்டாப். மூத்தவர்களுக்கு 32 ஜிபி. புதியவர்களுக்குப் பழைய மெஷினைத் தள்ளிவிடுவது நம் அலுவலகங்களில் ஊறிப்போன வழக்கம். அது அநியாயம் என்று போன இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

'பில்ட் போட்டா மவுஸ்கூட நகராது சார், அதுக்குள்ள டீ குடிச்சிட்டே வந்துடலாம்' என்றார். டெர்மினலில் ஜேபிஎஸ் அடிக்கச் சொன்னேன். ஓடும் ஜாவா பிராசஸ்களின் பட்டியல். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஒன்று. பில்ட் போடும் கிரேடிலின் டீமன், அதாவது பின்னணியில் ஓடும் பிராசஸ், இரண்டு. காட்லின் கம்பைலருக்குத் தனி டீமன் ஒன்று. இது போக எமுலேட்டர், பிரவுசர், அரட்டைச் செயலி. 8 ஜிபிக்குள் இத்தனை பேர் ஒண்டுக்குடித்தனம். ஒவ்வொருவரும் தனக்கு முழு வீடும் இருப்பதாக நினைத்துக்கொண்டு.

கிரேடில் டீமன் ஏன் இரண்டு? அவர் ஸ்டுடியோவில் பில்ட் போடுவார், சில நேரம் டெர்மினலிலும் போடுவார். ஸ்டுடியோ தன்னோடு வந்த ஜேடிகேயைப் பயன்படுத்தியது. டெர்மினலில் ஜாவா ஹோம் வேறு ஜேடிகேயைக் காட்டியது. ஜாவா வேறு என்றால் இருக்கிற டீமனைக் கிரேடில் பயன்படுத்தாது, புதிதாக ஒன்றைக் கிளப்பும். பழையது சும்மா இருந்தாலும் மூன்று மணி நேரம் போகாது. இரண்டுக்கும் எக்ஸ்எம்எக்ஸ் 4 ஜிபி. அந்த எண் அவர் போட்டதில்லை. புராஜெக்ட்டின் கிரேடில் பிராப்பர்ட்டீஸ் ஃபைலில் 32 ஜிபி மெஷின் வைத்திருந்த ஒருவர் எழுதி கிட்டில் ஏற்றியது. குழுவில் எல்லோருக்கும் அதுவே இறங்கியது.

பொது ஃபைலைத் தொட அவருக்குத் தயக்கம். தொடவும் தேவையில்லை. ஹோம் ஃபோல்டரில் உள்ள டாட் கிரேடில் ஃபோல்டரில் அதே பெயரில் ஒரு ஃபைல் வைத்தால், புராஜெக்ட்டில் உள்ளதைவிட அதன் பேச்சுதான் செல்லும். அங்கே எக்ஸ்எம்எக்ஸ் 1536 எம்பி, இணை வேலைகள் இரண்டு என்று எழுதினோம். ஜாவா ஹோமை ஸ்டுடியோவின் ஜேடிகேக்குத் திருப்பினோம், ஒரே டீமன் ஆயிற்று. எமுலேட்டரை மூடிவிட்டு யுஎஸ்பியில் நிஜ ஃபோனைச் செருகினோம், 2 ஜிபிக்கு மேல் விடுதலை. அவர் வேலையில் வராத மாட்யூல்களை ஸ்டுடியோவிலிருந்து இறக்கி வைத்தோம். பில்ட் முன்பைவிடப் பாதி நேரத்துக்கும் கீழே வந்தது. அது ஓடும்போதே எடிட்டரில் தட்டச்சு செய்ய முடிந்தது. மேலாளரிடம் நான் போய் ஜேபிஎஸ் பட்டியலை வைத்துப் பேசினேன். மதிப்பீட்டை மாற்றி எழுதினார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்தபோது, இந்தப் பிரச்சினை ஒரே வாரத்தில் எல்லா வீட்டுக்கும் போனது. நாள் முழுக்க வீடியோ கால் திறந்திருக்கும், பின்னால் பில்ட் ஓடும். பிறகு விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 போட்டவர்கள் டாஸ்க் மேனேஜரில் 'விஎம்மெம்' என்ற பெயரைப் பார்த்து வைரஸா என்று கேட்டார்கள். அது உள்ளே ஓடும் லினக்ஸ் மெஷின். லினக்ஸ் தன் வழக்கப்படி ஃபைல்களைக் கேஷில் வைத்துக்கொண்டே போகும், அப்போது அதை விண்டோஸுக்குத் திருப்பித் தரவில்லை. டபிள்யூஎஸ்எல் கான்ஃபிக் ஃபைலில் மெமரிக்கு ஒரு வரம்பு எழுதினால் போதுமாக இருந்தது. அந்த ஒரு வரியைத் தொலைபேசியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் பலவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது எடுத்த முடிவுதான் அதன் ஆயுள் முழுக்க. அதனால் கொள்முதல் பட்டியல் என் மேஜைக்கு வரும்போது, ஒரு வாரம் யாராவது ஒருவர் மெஷினில் உச்ச மெமரியைக் குறித்து எடுக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. பில்ட், டீபக், வீடியோ கால் மூன்றும் ஒன்றாக ஓடிய நேரத்தின் உச்சம் வேண்டும். அதற்கு மேல் கால் பங்கு கேஷுக்காக விடுகிறேன். சென்ற முறை ஆண்ட்ராய்டு குழுவுக்கு 32 ஜிபி, வெப் குழுவுக்கு 16 ஜிபி என்று கணக்கு வந்தது. புதிதாகச் சேருபவருக்கும் குழுத் தலைவருக்கும் ஒரே மெஷின் என்று குறிப்பில் எழுதினேன். நிதிப் பிரிவு ஒரு முறை திருப்பி அனுப்பியது. பழைய லேப்டாப்பில் ஒரு நாளைக்குப் பில்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைச் சம்பளக் கணக்கில் போட்டு மறுபடி அனுப்பினேன். அந்தத் தடவை போனது.